பக்கத்து ரூம் ஆளுக்கு ஒரு சீப்புப் பழம்

தப்பு செய்தால் மனசு உறுத்தும் என்பது நம்ம ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த உறுத்தல் மண்டைக்குள்ளே எந்த இடத்தில் கிளம்பி எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததால் யாருக்கும் நட்டமும் இல்லை. அதற்காக அப்படியே விட்டுவிட முடியுமா? அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே சேரன்மகாதேவி ரோட்டில், வயலை மனை போட்டு விற்றது போக மிஞ்சின இடத்தில், ஒரு நிறுவனம் எழும்பியது. தென்பொதிகை மூளை அறிவியல் உயராய்வு நிறுவனம் என்று பெயர். பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் டவுன் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடும்.

கட்டடம் பூராவும் கண்ணாடி. எதிரே நெல்வயல். வயலில் மேய்கிற கொக்கும் மைனாவும் கண்ணாடியில் தங்களைத் தாங்களே பார்த்துக் கொத்திக்கொண்டிருக்கும். அவற்றை விரட்ட ஒருவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர் அதே நிறுவனத்தில் மூளை அறிவியல் படித்துத் தேறியவர். "எங்களிடம் படித்தவர்களுக்கு எங்களிடமே வேலை" என்று விளம்பரத்தில் போட்டிருந்ததைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

மதுமதி அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். முக்கூடல்காரி. மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள உண்மையாகவே ஆசைப்பட்ட பெண். இந்த மாதிரி ஆட்களும் சில சமயம் தவறிப்போய் ஆராய்ச்சிக்கு வந்துவிடுகிறார்கள், என்ன செய்ய.

நெறியாளர் இயக்குநரேதான். முனைவர் குற்றாலலிங்கம். நெற்றி நிறையத் திருநீறு, சுத்த சைவம், வாயைத் திறந்தால் உரை. சேர்ந்த அன்றைக்கே மதுமதியை நிற்கவைத்து ஒரு உரை ஆற்றினார்.

"ஏம்மா, ஆராய்ச்சிங்கது உண்மையைத் தேடுதது. இங்க எல்லாரும் தேடிக்கிட்டுத்தான் இருக்காவ. நான் எப்பவோ தேடி முடிச்சிட்டேன். இனி நீ தேடு. கெடைச்சா என் பேரு முதல்ல வரணும். கெடைக்கலைன்னா உன் பேரு மட்டும் வந்தாப் போதும். இந்த விஷயத்துல எல்லாம் நான் ரொம்பப் பெருந்தன்மையா நடந்துக்கிடுவேன்."

தலைப்பையும் அவரே தந்தார். 'குற்ற உணர்வின் நரம்பியல் அடிப்படை: பொருநைக் கரை மக்களை முன்வைத்து.'

சோதனை இதுதான். வருகிறவர் தலையில் கம்பிகள் கோத்த தொப்பியை மாட்டி நாற்காலியில் உட்காரவைப்பார்கள். எதிரே திரையில் புள்ளிகள் வந்து மறையும். இடப்பக்கம் அதிகமா, வலப்பக்கம் அதிகமா என்று பார்த்துப் பொத்தானை அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் ஒன்றும் இல்லை. தப்பாக அமுக்கினால், பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு ஆளுக்கு ஷாக் அடிக்கும். அவர் கத்துவது சுவர் வழியாகக் கேட்கும். கேட்டதும் இவர் மனசு உறுத்தும். உறுத்துவது தொப்பி வழியாகக் கம்ப்யூட்டரில் கோடாக விழும்.

பக்கத்து அறையில் ஆளே கிடையாது. ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் இருந்தது. புள்ளியிலும் சரி என்றோ தப்பு என்றோ கிடையாது. எதை அமுக்கினாலும் சரி, எப்போது கத்த வேண்டும் என்று கம்ப்யூட்டர் முந்தியே முடிவு செய்து வைத்திருக்கும். உலகம் பூரா இப்படித்தான் செய்கிறார்கள் என்று குற்றாலலிங்கம் சொன்னார். உலகம் பூரா செய்கிற காரியம் தப்பாக இருக்காது என்று மதுமதியும் நம்பினாள்.

கத்துவதற்கு முதலில் அட்டெண்டர் இசக்கிமுருகனைக் கூப்பிட்டார்கள். அவர் பஸ் நிற்காமல் போய்விட்ட மாதிரி "ஏய்" என்றார்.

"வலியே தெரியலையே வே" என்றார் குற்றாலலிங்கம்.

"வலிச்சா நான் கத்த மாட்டேன் சார். லீவு போட்டிருவேன்" என்றார் இசக்கிமுருகன்.

கடைசியில் இயக்குநரே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மைக் முன்னால் வந்து நின்றார். கல்லூரி நாளில் நாடகத்தில் நடித்த மனுசன். "ஐயய்யோ... யம்மோவ்" என்று அடித்தொண்டையில் கிளம்பி, உச்சிக்குப் போய், அங்கே உடைந்து, கடைசியில் ஒரு விக்கலில் போய் முடிந்தது அந்தக் கத்தல். பேராசிரியர்கள் எல்லோரும் வரிசையாக வந்து கேட்டுக் கை கொடுத்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதவி உயர்வு வராமல் கிடந்தவர் மறுபடியும் ஒரு தரம் போடச் சொல்லிக் கேட்டுத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த தொந்தரவு எண்ணெய். தொப்பியின் கம்பி தலைத்தோலைத் தொட்டால்தான் மூளையின் மின்சாரம் தெரியும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற சனம் வேறு எது இல்லாமல் கிளம்பினாலும் கிளம்பும், தலைக்கு எண்ணெய் வைக்காமல் படியிறங்காது. அதிலும் பெரிய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறோம் என்று மரியாதைக்காக இன்னும் ஒரு கை கூட்டித் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். கம்பி வழுக்கியது. உடனே கட்டடத்துக்குப் பின்னால் குழாயடியில் சீயக்காய்ப் பொட்டலத்தோடு இசக்கிமுருகனை நிறுத்தினார்கள். வந்தவர்கள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஏ.சி. அறையில் உட்கார்ந்து தும்மினார்கள். தும்மலைக் குற்ற உணர்வு என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டது. அதை வைத்து ஒரு கட்டுரை வெளிவந்து, அதற்குப் பரிசும் கிடைத்தது. சளி பிடித்தவர்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அருளப்பன் வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடற்கரைக்காரர், சத்தமாகப் பேசுவார். மனைவி போனபிறகு பாளையங்கோட்டையில் மகள் ஜாய்சி வீட்டோடு இருந்தார். 'நல்ல நிலையில் உள்ள மூளைகள் தேவை' என்று நிறுவனம் சர்ச் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள்ள ஒண்ணு கூடக் கெடைக்கலையா, பாவம்" என்று இரக்கப்பட்டு வந்ததாக அவரே சொன்னார்.

தலை முழு வழுக்கை. எண்ணெயும் இல்லை, முடியும் இல்லை. அந்தத் தலையைப் பார்த்ததும் குற்றாலலிங்கத்தின் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட யாரும் பார்த்ததில்லை.

முதல் தடவை கத்தல் கேட்டதும் அருளப்பன் பாதி எழுந்துவிட்டார்.

"எம்மா, யாரோ கத்துதாவ."

வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மதுமதி அவர் பக்கத்தில் நின்றாள். சோதனை நடக்கும்போது அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லலாம் என்பது விதி. சொன்னாள்.

"சோதனை தொடர வேண்டும். தயவுசெய்து தொடருங்கள்."

"தொடருதேன். உள்ள இருக்கவருக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

"தயவுசெய்து தொடருங்கள்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். படித்த பிள்ளை சொல்லுகிறது, காரணம் இல்லாமலா இருக்கும் என்று பைய உட்கார்ந்தார். அமுக்கினார். கத்தல் வந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு புள்ளிகளைப் பார்த்து மறுபடி அமுக்கினார். மறுபடியும் வந்தது. முடிந்து தொப்பியைக் கழற்றும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கிரேன்ல ஏறி உட்கார்ந்த காலத்துல இருந்து கீழ நிக்கவன் தலையில ஒரு துரும்பு விழவுட்டதில்ல மக்ளே. இன்னைக்கு இப்படி ஆயிப்போச்சே" என்றார். அந்த ஆளைப் பார்க்கணும் என்றார். பார்க்க அனுமதி இல்லை என்றாள் மதுமதி.

கம்ப்யூட்டரில் விழுந்த கோட்டைக் குற்றாலலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். "இப்படி ஒரு சுத்தமான குற்ற உணர்வை என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்லம்மா" என்று தழுதழுத்தார். "இந்த மனுசனை விட்டுராத. வாரா வாரம் கூப்பிடு. உன் பட்டம் இவரு மண்டையிலதான் இருக்கு."

வாரா வாரம் கூப்பிட்டாள். வாரா வாரம் வந்தார்.

இதற்குள் இன்னொரு கூத்து ஆரம்பித்துவிட்டது. நம்ம பக்கத்தில் ஒருத்தருக்கு மேலுக்கு முடியவில்லை என்றால் வெறுங்கையோடு பார்க்கப் போகிற வழக்கம் உண்டா? அதுவும் நம்ம கையால் ஒருத்தருக்கு வலித்துவிட்டது என்றால்? வெளிநாட்டுக்காரன் இந்தச் சோதனையைச் செய்தான், வந்தவன் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். இங்கே வந்தவர்கள் மறுநாள் திரும்பி வந்தார்கள். முக்கூடல்காரர் ஒருவர் ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்தார். கல்லிடைக்குறிச்சி மாமி ஒரு கட்டு அப்பளம். கொற்கையிலிருந்து ஒருவர் இளநீர்க் குலையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வந்தார். எல்லோருக்கும் பக்கத்து ரூம் ஆளைப் பார்க்க வேண்டும், தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஆளைக் காட்ட முடியாது. "வச்சிட்டுப் போங்க, குடுத்திருதோம்" என்றார் இசக்கிமுருகன். வைத்துவிட்டுப் போனார்கள். ஆராய்ச்சியின் போது கிடைக்கும் பொருள்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று விதி இருந்தது. பழமும் அப்பளமும் இயக்குநர் வீட்டுக்கும், இளநீர் பேராசிரியர்களுக்கும், அசைவம் வந்தால் இசக்கிமுருகனுக்கும் என்று தகுதிப்படி பிரித்துக்கொண்டார்கள். அருளப்பன் ஒரு தடவை மாசிக் கருவாடு கொண்டுவந்தார். ஷாக் அடித்த உடம்புக்குத் தெம்பு வேண்டுமே என்று சொன்னார். இசக்கிமுருகன் தெம்பானார்.

கொஞ்ச நாளில் அந்த அறைக் கதவே வேறு மாதிரி ஆகிவிட்டது. யாரோ நிலையில் குங்குமம் வைத்தார்கள். யாரோ வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். செவ்வாய், வெள்ளி கூட்டம் வந்தது. சோதனைக்கே வராதவர்கள்கூட, பழைய பாவம் ஏதோ இருந்திருக்கும், வந்து கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தரமதிப்பீட்டுக் குழு வந்தபோது இதைப் பார்த்து மிரண்டுவிடுமோ என்று மதுமதி பயந்தாள். குற்றாலலிங்கம் அசரவில்லை. "அறிவியலுக்கும் சமூகத்துக்கும் நடுவுல இருந்த கதவைத் திறந்திருக்கோம்" என்றார், பூட்டின கதவைக் காட்டி. குழு அதற்கென்றே தனி மதிப்பெண் போட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள் ஜாய்சி வந்தாள். கேட்டுக்கு வெளியே மதுமதியைக் கூப்பிட்டு நிறுத்திப் பேசினாள். சண்டைக்கு வந்த மாதிரி தெரியவில்லை.

"அப்பாவுக்கு என்ன பரீட்சை வைக்கிய நீங்க?"

"ஏன் அக்கா?"

"சாப்பாடு இறங்க மாட்டேங்கு. தாம்பாளத்துல உளுந்தைக் கொட்டி, நடுவுல கோடு போட்டு, இந்தப் பக்கம் கூடவா அந்தப் பக்கம் கூடவான்னு பார்த்துக்கிட்டே இருக்காவ. அப்புறம் எண்ணிப் பார்க்காவ. கேட்டா, அடுத்த வாட்டியாவது அந்த மனுசனுக்கு வலிக்காம அமுக்கணும்ங்காவ. அவரு பேரு தெரியாததால பக்கத்து ரூம் ஆளுக்குன்னு சொல்லிச் சர்ச்சுல பூசை வச்சிருக்காவ. சாமியாரே என்னைக் கூப்பிட்டு, யாரும்மா அந்த ஆளுன்னு கேக்காரு." ஜாய்சி கிட்டே வந்தாள். "நெசமாவே அந்த ஆளுக்கு ரொம்ப அடிபட்டிருச்சா? சொன்னா நாங்க ஏதாவது செய்வோம்லா."

"கேட்டுச் சொல்லுதேன் அக்கா" என்றாள் மதுமதி. அன்றைக்குத் தட்டில் போட்ட சோற்றை அவளால் தொட முடியவில்லை. எவ்வளவு பழகினாலும் அவர் சரியாக அமுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அந்தக் கத்தல்களை வரிசைப்படுத்தியதே அவள்தான். அந்த உளுந்து அவள் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது.

மறுநாள் நேராகக் குற்றாலலிங்கத்திடம் போனாள். "சார், அவருகிட்ட உண்மையைச் சொல்லிருவோம்."

"சொல்லணும், கண்டிப்பாச் சொல்லணும்" என்றார் அவர். "சோதனை முடிஞ்சதும் உண்மையைச் சொல்லணும்னு விதியே இருக்கு. சோதனை எப்ப முடியும்? நீ பட்டம் வாங்கினதும். பட்டம் எப்ப வாங்குவ? அவரு வந்துக்கிட்டே இருந்தா. இப்பச் சொன்னா அவருக்கு உறுத்தாது. அவருக்கு உறுத்தலைன்னா கோடு விழாது. கோடு விழலைன்னா நீ மாடு மேய்க்கப் போகணும். யோசிச்சுப் பாரு, யாருக்கு நன்மை?"

சாமி வரம் தந்தாலும் பூசாரி தர வேண்டுமே. சாமி இல்லையென்றாகிவிட்டது, பூசாரியையாவது பார்ப்போம் என்று அறநெறிக் குழுவுக்குப் போனாள். மனிதர்களை வைத்து நடக்கும் சோதனைகளில் யாருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்கிற குழு அது. தலைவர் ராஜராஜேஸ்வரி. கூட்டம் கூடி, பாதாம் பால் குடித்து, மதுமதி சொன்னதை எல்லாம் கேட்டது.

"ஒரு விஷயத்தை நீ தெளிவாப் புரிஞ்சுக்கணும் மதுமதி" என்றார் ராஜராஜேஸ்வரி. "தப்பு நடக்காமப் பார்த்துக்கிடுதது எங்க வேலை கிடையாது. அனுமதி வாங்கி நடக்கான்னு பார்க்கதுதான் எங்க வேலை. நீ சொல்லுத தப்புக்கு நாங்க முறைப்படி அனுமதி தந்திருக்கோம். உண்மை சொல்லுததுக்கு நீ அனுமதி கேட்கவே இல்லையே. அது புதுச் சோதனை. புதுசா விண்ணப்பம் போடணும். உண்மையைச் சொன்னா அவருக்கு என்னென்ன பாதிப்பு வரும்னு ஒரு ஆய்வு செஞ்சு கொண்டா."

"இப்ப அவருக்குப் பாதிப்பு வந்திருக்கே மேடம்."

"அது அனுமதிக்கப்பட்ட பாதிப்பும்மா" என்றார் ராஜராஜேஸ்வரி, அன்பாக.

திரும்பி வந்து குற்றாலலிங்கத்தின் முன்னால் நின்று அழுதுவிட்டாள். "எனக்கு ரொம்பக் குற்ற உணர்வா இருக்கு சார்." அவர் சட்டென்று எழுந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். "அப்படியே இரு, அழுகையை நிறுத்திராத" என்று சொல்லிவிட்டு இசக்கிமுருகனைக் கூப்பிட்டுத் தொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். அவள் அன்றைக்கு எண்ணெய் வைக்காதது வசதியாகப் போயிற்று. மாட்டி, ஓட்டி, கோட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சராசரிக்கும் கீழதான் இருக்கு. இதுக்குப் போயா அழுத?"

மதுமதி வீட்டுக்குப் போய் அதையும் நினைத்து அழுதாள். அடுத்த வாரம் அருளப்பன் வந்தபோது, "சோதனை தொடர வேண்டும். தயவுசெய்து தொடருங்கள்" என்று சொன்னாள். அவர் தொடர்ந்தார்.

ஒருவழியாக வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வடக்கேயிருந்து வெளித்தேர்வாளர் வந்தார். முந்தின நாளே அவரை ஆற்றில் குளிப்பாட்டி, கோயிலுக்குக் கூட்டிப்போய், பிரசாதம், அல்வா எல்லாம் கொடுத்துப் பாதித் தேர்வை முடித்திருந்தார்கள். அரங்க வாசலில் 'பொது வாய்மொழித் தேர்வு, பொதுமக்கள் அனைவரும் வருக' என்று பேனர். எல்லாத் தேர்வுக்கும் இதே பேனர்தான். பொதுமக்கள் ஒருத்தரும் இதுவரை வந்தது கிடையாது. அன்றைக்கு அருளப்பன் வந்துவிட்டார், மகளோடு, சலவை வேட்டியும் கையில் ஒரு பையுமாக. என்ன செய்வதென்று தெரியாமல் இசக்கிமுருகன் அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்.

"இன்னைக்கு எல்லாம் முடியுதுன்னு நோட்டீஸ்ல கண்டேன்" என்றார் அருளப்பன். "இனியாவது அந்த ஆளை வெளிய விடுவாவல்லா? பார்த்துட்டுப் போயிருதேன்."

மேடையில் மதுமதி படம் காட்டிப் பேசினாள். திரையில் அருளப்பனின் கோடு மலை மாதிரி எழுந்து நின்றது. வெளித்தேர்வாளர் தலையாட்டினார். குற்றாலலிங்கம் எழுந்து, மாணவியின் உழைப்பைப் பற்றி ஒரு வரியும் தம்முடைய வழிகாட்டலைப் பற்றி மிச்சத்தையும் பேசினார். பேசிவிட்டு உட்காரவும், இசக்கிமுருகன் காபித் தட்டோடு குனியவும் சரியாக இருந்தது. கொதிக்கிற காபி இயக்குநர் மடியில் கவிழ்ந்தது.

"ஐயய்யோ... யம்மோவ்."

அடித்தொண்டையில் கிளம்பி, உச்சிக்குப் போய், உடைந்து, விக்கலில் முடிந்தது. கடைசி வரிசையில் அருளப்பன் எழுந்து நின்றிருந்தார்.

"அதே குரல். ஏட்டி ஜாய்சி, அதே குரல்."

அவர் மேடைக்கு வந்த வேகத்தை யாராலும் தடுக்க முடியவில்லை. குற்றாலலிங்கத்தின் கையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், எங்கேயாவது தழும்பு இருக்கிறதா என்று. "நீங்கதானா அண்ணாச்சி உள்ள இருந்தது? இவ்வளவு பெரிய மனுசனா? தெரியாம அமுக்கிட்டேன் அண்ணாச்சி. என்னை மன்னிச்சிருங்க."

குற்றாலலிங்கம் இந்தப் பக்கம் பார்த்தார், வெளித்தேர்வாளர் பேனாவோடு இருந்தார். அந்தப் பக்கம் பார்த்தார், ராஜராஜேஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மன்னித்தேன்" என்றார். கைதட்டல் வரும் என்று தெரிந்ததும் குரல் தானாக ஏறியது. "அறிவியலுக்காக இந்த உடம்பு எத்தனையோ வேதனையைத் தாங்கியிருக்கு. மாணவர்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு, பக்கத்து அறையில நானே போய் உட்கார்ந்தேன்."

விவரத்தைப் பக்கத்தில் இருந்தவர் இங்கிலீஷில் சொல்ல, வெளித்தேர்வாளர் நெகிழ்ந்துபோய்க் கை தட்டினார். அந்தக் கத்தலைப் பதிவு செய்த அன்று கை கொடுத்த பேராசிரியர்கள் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அருளப்பன் பையைத் திறந்து, மாசிக் கருவாட்டை எடுத்து, இரண்டு கையாலும் இயக்குநரிடம் நீட்டினார். பரம்பரைச் சைவர் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லபடியாகத்தான் போயிருக்கும். மதுமதிக்கும் அப்படித்தான் தோன்றியது. மனுசனுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, இனிச் சோறு இறங்கும், போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஆனால் அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை என்னை உட்காரவைங்க அண்ணாச்சி. வீட்டுல நல்லாப் பழகியிருக்கேன். இந்த வாட்டி உங்களுக்கு வலிக்கவே வலிக்காது."

"அதுக்கென்ன, தாராளமா வாங்க" என்றார் குற்றாலலிங்கம், கருவாட்டோடு. "அடுத்த மாணவர் இன்னைக்கே சேர்ந்திருக்காரு. நீங்க வாரா வாரம் வரலாம்."

மதுமதி மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"பக்கத்து ரூம்ல ஆளு கிடையாது அண்ணாச்சி" என்றாள். "என்னைக்குமே கிடையாது. அது ரெக்கார்டு. சாரோட குரல். நீங்க சரியா அமுக்கினாலும் கத்தும், தப்பா அமுக்கினாலும் கத்தும். நான்தான் அப்படிச் செஞ்சு வச்சேன்."

அருளப்பனுக்கு விளங்க நேரம் பிடித்தது. ஜாய்சி அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜராஜேஸ்வரி முதல் ஆளாக எழுந்தார். "எல்லாம் முறைப்படி அனுமதி வாங்கிச் செஞ்சதுதான், நீங்க பயப்படவே வேண்டாம்" என்றார். குற்றாலலிங்கம் ஒரு நிமிஷத்தில் தேறிக்கொண்டார். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். யாருக்கும் ஷாக் அடிக்கல. யாருக்கும் வலிக்கல. அப்ப நீங்க செஞ்ச தப்புன்னு ஒண்ணு இருக்கா? இல்ல. எங்க தப்பு இருக்கா? அதுவும் இல்ல. சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

"ஆளு இல்லைங்கது இப்பத்தான எனக்குத் தெரியும்" என்றார் அருளப்பன். எப்போதும் சத்தமாகப் பேசுகிற மனுசன் மெதுவாகப் பேசினார். "அமுக்கும்போது ஆளு இருக்குன்னு நெனைச்சுத்தான அமுக்கினேன். எந்திரிச்சு வந்திருக்கலாம். வரலையே. அது என்னோட தப்பு. அதை நான் பார்த்துக்கிடுதேன்."

மதுமதி பக்கம் திரும்பினார்.

"அங்கன ஆளு இல்ல, சரி. இங்கன நாற்காலியில ஆளு இருந்துச்சே மக்ளே. நீ பக்கத்துலதான நின்ன?"

அவர் குற்றாலலிங்கத்தின் கையிலிருந்து கருவாட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மகளோடு வெளியே போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து மதுமதி கழுத்தில் மாலையாக விழுந்தது. வெளித்தேர்வாளருக்கு இங்கிலீஷில் என்ன சொன்னார்களோ தெரியாது. நேரடிச் செயல்விளக்கத்தோடு கூடிய இப்படி ஒரு வாய்மொழித் தேர்வைத் தாம் கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முனைவர் மதுமதி என்று அறிவித்தார்கள். பொன்னாடை போட்டார்கள். எல்லோருக்கும் மிக்சரும் அல்வாவும் வந்தது.

அந்த அறை இன்னும் இருக்கிறது. 'முனைவர் குற்றாலலிங்கம் தியாக அறை' என்று பித்தளைப் பலகை போட்டிருக்கிறார்கள். செவ்வாய், வெள்ளி கூட்டம் குறையவில்லை. மதுமதிக்கு நிறுவனத்திலேயே வேலைக்கு உத்தரவும் வந்தது, மேல்மாடிக் கண்ணாடிக்குக் கொக்கு விரட்டுகிற வேலை. அவள் இன்னும் பதில் போடவில்லை.

பட்டம் கிடைத்த வாரம் அவள் ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனாள். அந்தத் தெருவுக்குள் நுழைந்து, திரும்பி, மறுபடி நுழைந்தாள். ஜாய்சிதான் கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, கொஞ்சம் விலகி நின்றாள். அடுப்படியிலிருந்து தோசை வாசம் வந்தது. தாம்பாளத்து உளுந்தை ஆட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அருளப்பன் உள்ளே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"யாருட்டி அது?"

முனைவர் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "நான்தான் அண்ணாச்சி, மதுமதி" என்றாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தாள். "தெரிஞ்சே செஞ்சேன் அண்ணாச்சி" என்பது மட்டும்தான் வந்தது. பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் பேப்பரை மடித்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவர் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாயிற்று. பழத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"வச்சிட்டுப் போ. இங்கன தின்ன ஆளு இருக்கு."